பைப்புக்கு எதுக்குங்க பளபளப்பு?

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸ் வாயில இருக்கிற மாதிரி புகை பிடிக்கிற சில பைப்களை மட்டும் பார்த்ததும் 'கிளாசிக்'னு சொல்றாங்களே, அதுக்குக் காரணம் வடிவமா, பளபளப்பா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முதல்ல ஹோம்ஸ் விஷயத்தை முடிச்சிடுவோம். நீங்க நினைக்கிற அந்த வளைஞ்ச சுரைக்குடுக்கை பைப்பு கோனன் டாயில் எழுதின எந்தக் கதையிலயும் கிடையாது. களிமண் பைப்பு, செர்ரி மர பைப்பு, பிரையர் பைப்பு, இவ்ளோதான் அவர் குடுத்தது. 1899ல வில்லியம் ஜில்லெட்னு ஒரு அமெரிக்க நடிகர் வளைஞ்ச பைப்போட ஹோம்ஸா மேடை ஏறினாரு, அப்புறம் வந்தவங்க அதை இன்னும் வளைச்சு இன்னும் பெருசாக்கி கடைசியில சுரைக்காய்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க. எழுதினவனை எவன் கேக்குறான், எங்க ஆபீஸ் உட்பட.

வடிவம்னா என் ஓட்டு பில்லியர்டுங்கிற பைப் வடிவத்துக்கு. நேர் தண்டு, நிமிர்ந்த கிண்ணம், கிண்ணத்தோட உயரமும் மரத்தண்டோட நீளமும் ஏறக்குறைய ஒண்ணு, அவ்ளோதான். கிண்ணத்தை உருட்டினா ஆப்பிள், மேல விரிச்சா டப்ளின், தண்டை நீட்டினா கனடியன். நிழலைப் பாத்தே சொல்லிடலாம், பைப்பே இல்லாட்டியும் ஞாபகம் வந்துடும். 2009ல பாரிஸ் மெட்ரோவுல பிரெஞ்சு காமெடி மேதை ழாக் தாத்தி கண்காட்சிக்கு போஸ்டர் ஒட்டினாங்க, புகையிலை விளம்பரச் சட்டத்துக்குப் பயந்து அவர் வாயில இருந்த பைப்பை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு மஞ்சள் காத்தாடியை வச்சுட்டாங்க, குழந்தைங்க திருவிழாவுல வாங்குற காத்தாடிங்க! மொபெட்ல போற பெரிய மனுஷன் வாயில காத்தாடி. பாத்தவன் எல்லாருக்கும் பைப்பு ஞாபகம்தான் வந்திருக்கும். நம்ம ஊர்ல சினிமாவுல யாராவது சிகரெட் பிடிச்சா கீழ எழுத்து ஓடுது, காத்தாடி ஐடியா இன்னும் இங்க யாருக்கும் தோணல, நானும் சொல்லித் தரல.

இப்ப 'பளபளப்பு'. இதைத்தான் பிடிச்சுக்கப் போறேன். பிரையர்ங்கிறது மத்தியதரைக்கடல் ஓரம் வளர்ற ஒரு புதரோட வேர்முண்டு. உள்ள மண்ணும் பொடிக்கல்லும் மாட்டியிருக்கும், கடையக் கடைய குழி விழும். அதை அடைச்சு, சாயம் ஏத்தி, மெழுகு போட்டுத் தேச்சு மின்ன வைக்கிறது, அடிபட்ட காருக்கு பட்டி பாத்து பெயின்ட் அடிக்கிற அதே வேலைதான். எல்லா பாலிஷ் பைப்பும் அப்படின்னு சொல்லல, குறையே இல்லாத கட்டை கிடைச்சா யானை விலை. 1917ல லண்டன் டன்ஹில் பைப் கம்பெனிக்காரங்க வேற வழி பாத்தாங்க. மணலை வேகமா பீச்சி அடிச்சு மெத்துன்னு இருக்கிற மரத்தை அரிச்சு எடுத்தாங்க, கெட்டியான வளையம் மட்டும் நின்னுச்சு. பேரு ஷெல். கட்டைவிரலால தடவினா மரத்தோட ஒவ்வொரு வளையமும் மேடு மேடா தட்டுப்படும். மினுக்கல் கம்மி. டன்ஹில் பைப்போட வாய்க்குழல்ல இருக்கிற வெள்ளைப் புள்ளி கூட அலங்காரத்துக்கு வந்ததில்ல, எந்தப் பக்கம் மேலன்னு தெரியத்தான் வச்சாங்க. அந்த ஷெல்லுக்குத்தான் இன்னைக்கும் மவுசு.

மணல் அடிக்கிறதுன்னதும் எனக்கு வயிறு எரியுது, பழைய சண்டை, இந்தப் பக்கத்துல எழுதி நிறைய வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு. அங்க மரத்தோட ரேகையை வெளிய கொண்டுவந்த அதே மணலை இங்க திருப்பணிங்கிற பேர்ல கோயில் கருங்கல்லுல அடிச்சாங்க. எண்ணெய்ப் பிசுக்கு போச்சு, சரி, கூடவே கல்லோட தோலும் போச்சு, கல்வெட்டு எழுத்தோட விளிம்பு மழுங்கி எது 'ப' எது 'ய'ன்னு தெரியாம ஆச்சு, சிற்பத்துக்கு மூக்கு போச்சு. கேட்டா சுத்தமா இருக்குல்லங்கறாங்க. தானம் குடுத்த ராஜா பேரு அழிஞ்சிருச்சு, மணல் அடிக்கக் காசு குடுத்த உபயதாரர் பேரு மட்டும் வாசல்லயே பாலிஷ் போட்ட கிரானைட்ல, போன் நம்பரோட.