கலப்பின மாட்டில் எந்த இனம் எத்தனை சதவீதம் என்று மரபணுச் சோதனையில் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் ரிப்போர்ட்டில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த மாதிரித் தரவுகளோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை.

பரம்பரைப் பதிவேடு இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். தூய ஜெர்சிக் காளைக்கும், நம் நாட்டுத் திமில் இனமான கிர்ரின் தூய பசுவுக்கும் பிறந்த கிடேரி சரிபாதி, அதில் சந்தேகமில்லை. அதற்கு மறுபடி ஜெர்சி சினை ஊசி போட்டால் கன்று 75 சதவீதம் ஜெர்சி என்பார்கள். அது சராசரிதான். தாயின் குரோமோசோம்களில் எந்தத் துண்டு கன்றுக்குப் போகும் என்பது சீட்டுக் குலுக்கல். ஒரே தாயின் இரண்டு கன்றுகளில் ஒன்று 71, மற்றது 79 என்று வருவது சாதாரணம். திமிலையும் அலைதாடியையும் பார்த்துச் சதவீதம் சொல்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சரி, மார்க்கருக்கு, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறிகளுக்கு வருவோம். டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாட்டுக்கு மாடு மாறும் இடங்கள் உண்டு. எஸ்என்பி என்போம். வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால், சிப் என்ற சோதனைத் தகட்டில் இப்படிப்பட்ட ஐம்பதாயிரம் இடங்களை ஒரே நேரத்தில் படித்துவிடலாம். ஓர் இடத்தில் 'ஏ' என்ற எழுத்து ஜெர்சியில் 100க்கு 90, கிரில் 100க்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாட்டில் 'ஏ' இருந்தால் தராசு ஜெர்சிப் பக்கம் கொஞ்சம் சாயும். அந்த ஓர் இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் எண் பிடிபடும். வித்தியாசம் பெரிதாக உள்ள இடங்களாகப் பொறுக்கினால் சில நூறே போதும்.

ஐரோப்பிய மாட்டையும் திமில் மாட்டையும் பிரிப்பது எளிது, இரண்டு வம்சமும் பிரிந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. இரண்டுமே திமில் இனங்களான கிரையும் சாஹிவாலையும் பிரிப்பதுதான் பாடு. பரவலாகப் புழங்கும் 50 ஆயிரம் சிப்பின் எஸ்என்பிகள் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்களில் கண்டெடுத்தவை என்பதால் இன்னும் சிரமம்.

உண்மையான வில்லங்கம் ஒப்பீட்டு மாதிரியில் இருக்கிறது. மென்பொருளுக்கு நாம் எந்தெந்தத் தூய இனங்களைக் காட்டினோமோ, அவற்றுக்குள்தான் அது 100ஐப் பங்கு போடும். 'தெரியாது' என்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்காது. ஒருமுறை பிரவுன் ஸ்விஸ் என்ற ஐரோப்பிய இனத்தின் மாதிரிகளைச் சேர்க்காமலேயே ஓட்டிவிட்டேன், என் கவனக்குறைவுதான். ஒரு பசுவுக்கு ஜெர்சி 9 சதவீதம் என்று வந்தது. அந்தப் பண்ணையில் ஜெர்சி ஊசி போட்டதே இல்லை என்றார்கள். பிரவுன் ஸ்விஸ்ஸைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் அந்த 9 காணாமல் போனது.

அதனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்த இனங்களோடு ஒப்பிட்டீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை மாடுகள் என்பதைத்தான். அப்புறம், ஏதோ ஓர் இனம் 2 சதவீதம் என்று கடைசி வரியில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் அது வெறும் இரைச்சல், கணக்கீட்டில் தற்செயலாக வரும் பிசிறு.