தாத்தா என்ன வேலை பார்த்தார்?

கேள்வி: அக்கா, எங்க அப்பா மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஐப்பசியில் தவறிவிட்டார். வருஷத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கலாம் என்கிறான் அண்ணன். பேரப்பிள்ளைகள் படிக்கிற மாதிரி என்ன எழுதுவது? ‘அன்பானவர், பண்பானவர்’ என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: அன்பானவர்தான் தங்கச்சி, யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த வரி எந்த வீட்டு மலருக்கும் பொருந்தும். நீங்கள் அப்பாவின் வேலையை எழுதுங்கள். நம்ம கரையில் உப்புக் காற்று மின்கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர் மேல் படிந்துகொண்டே இருக்கும். காய்ந்து கிடக்கிறவரை வம்பில்லை. பனி இறங்குகிற விடியற்காலையில் அந்த உப்பு நனைந்ததும் மின்சாரம் அதன் வழியே கசிந்து பொறி பறக்கும், லைன் டிரிப் ஆகி கரண்ட் போய்விடும். ஊர் தூங்கும்போது தாத்தா எதற்காக எழுந்து ஓடினார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

எங்க அப்பா ரயில்வேயில் பாலப் பிரிவு இன்ஜினீயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போனபோது அவர் மண்டபத்தில் பள்ளிக்கூடப் பையன். ரயில்வே இன்ஜினீயர் இ. ஸ்ரீதரன் தலைமையில், கடலில் கிடந்த கர்டர்களையும் தூக்கிக் கோத்து, 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். கரையில் நின்று அதைப் பார்த்தவர், படித்தால் இந்தப் படிப்புதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாராம்.

பாலத்தின் இரும்புத் தகடுகளை இணைக்கிற ஆணிதான் ரிவெட். அதைச் சோதிக்க எனக்கும் சொல்லிக்கொடுத்தார். ரிவெட் தலையும் தகடும் சேருகிற ஓரத்தில் என் ஆள்காட்டி விரலை வைக்கச் சொல்வார். எதிர் ஓரத்தில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. இறுகிய ரிவெட் கம்மென்று இருக்கும். தளர்ந்தது என்றால் விரல் நுனியில் குறுகுறுவென்று ஓர் அசைவு. “தெரியுதா பாப்பா? கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்” என்பார். கடல் நடுவே, காற்றில், குனிந்து நின்று அவரும் அவருடைய ஆட்களும் செய்த வேலை அது. சட்டையெல்லாம் துருக்கறை. அம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே ஓய்ந்துபோவாள்.

வீட்டிலும் அதே கண்தான். அம்மாவின் செருப்பு வார் அறுவதற்கு முன்னால் புதுச்செருப்பு வந்துவிடும். ஆடி மாசம் கச்சான் காற்று தூக்கும்போது அவருக்கு இருப்புக் கொள்ளாது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் கைகழுவி உட்கார்ந்து, தம்பிக்கு நகரை மீனில் முள் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் தட்டைத் தொடுவார். 2007-இல் பாலம் அகலப்பாதை ஆனதைப் பார்த்துவிட்டார். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கப்பலுக்கு வழிவிட அந்த 72.5 மீட்டர் பாகம் அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறதே, பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் கையால் சுற்றித் திறந்ததைப் பார்த்த மனுஷன், இதைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் வீடு தங்கியிருக்க மாட்டார்.

அதனால் மலரில் படத்தைச் சின்னதாகப் போடுங்கள். அப்பாவோடு வேலை பார்த்த லைன்மேன், ஃபோர்மேன் யாராவது இருப்பார்கள். அண்ணனை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். எந்த லைன் அவரை ரொம்பப் படுத்தியது, எதற்குக் கோபப்படுவார், யாருக்காகப் பரிந்து பேசினார் என்று. அவர்களுக்கும் வயசாகிறது, தள்ளிப்போடாதீர்கள். அம்மாவைப் பேசவிட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். அம்மா சொன்னது சொன்னபடியே அச்சில் வரட்டும், எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.