புகையில் வந்த பணம்

அன்புள்ள அண்ணாச்சி,

அமெரிக்காவில் 2017-ல் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுக்கான பணம் நாடாளுமன்ற இழுபறியில் நின்றுபோனதாகப் படித்தேன். சுமார் 90 லட்சம் பிள்ளைகளாம். அவ்வளவு பணக்கார நாட்டில் பிள்ளைகளின் வைத்தியத்துக்கு இப்படி ஒரு சண்டையா? நம்ம ஊர் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. சரிதானா?

வாசகி, ஆலங்குளம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சண்டை உண்மை. ஆனால் கொடுக்கலாமா கூடாதா என்பதில் இல்லை. கொடுக்கணும் என்றுதான் இரண்டு கட்சியும் சொன்னது. எந்தப் பையிலிருந்து எடுப்பது என்பதில்தான் தகராறு. பொது சுகாதார நிதியில் வெட்டி எடுக்கலாம் என்றார்கள் குடியரசுக் கட்சியார். அதில் கை வைக்காதே என்றது எதிர்த்தரப்பு. 1997-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குக் கெடு உண்டு; முடிந்தால் மறுபடி சட்டம் போடணும். செப்டம்பர் 30-ல் கெடு முடிந்தது. மாநிலங்கள் மிச்சம் மீதியை வைத்து ஓட்டின. வேறு காப்பீடு பார்க்கவேண்டி வரலாம் என்று கொலராடோவில் பெற்றோருக்குக் கடிதமே போனது. பத்தாண்டுக்கு நீட்டித்தால் அரசுக்கு 600 கோடி டாலர் மிச்சம்தான் என்று அவர்களுடைய பட்ஜெட் அலுவலகம் கணக்குக் காட்டியது. 2018 ஜனவரியில் ஆறு வருஷம், பிப்ரவரியில் இன்னும் நாலு வருஷம் நீட்டினார்கள். இடையில் நாலு மாசம் பெத்தவர்கள் வயிற்றில் நெருப்பு.

அந்தத் திட்டத்துக்கு ஆரம்பத்தில் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிகரெட் வரி. 2009-ல் விரிவாக்கியபோதும் அதே வரியைத்தான் ஏற்றினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் சுளகு ஞாபகம் வந்தது. முக்கூடலில் பீடி சுற்றினாள். மடியில் சுளகு, அதில் வெட்டின இலை, தூள், நூல்கண்டு. வாய் பக்கத்து வீட்டுக் கதை பேசும், விரல் பாட்டுக்குப் பீடியின் தலையை மடக்கிக்கொண்டிருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தால் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி. காலிக் குப்பி கொண்டுபோனால் கம்பவுண்டர் ரோஸ் மருந்து ஊற்றுவார். என் படிப்புக்கு வந்த உதவித்தொகையும் அதே நிதிதான். 1976-ல் சட்டம் போட்டு, பீடிக்கு செஸ் என்கிற தனி வரி வைத்துச் சேர்த்த நிதி. (புகைக்காதே என்று ஒரு இலாகா போர்டு வைக்கும்; புகைத்தால்தான் பிள்ளைக்கு மருந்து என்று இன்னொரு இலாகா கணக்கு எழுதும்.)

ஜிஎஸ்டியோடு, 2017 ஜூலை 1-ல், அந்த செஸ் போய்விட்டது. அங்கே கெடு முடிவதற்குச் சரியாக மூன்று மாசம் முன்னால். இனி செலவு பொது பட்ஜெட்டிலிருந்து என்றார்கள். நம்ம பேர் சொல்லித் தனிக் குடத்தில் இருந்த தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றியாச்சு. எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஐந்து லட்சம் வரை. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான். குப்பி மருந்துக்கு அது இல்லை.

அதனால் அவர்களுடைய சண்டையைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். பணம் நின்றது நாட்டுக்கே தெரிந்தது.

செஸ் போன சங்கதியை அம்மாவிடம் சொன்னேன். “பீடிக்கடையில ஒருத்தனும் சொல்லலியே” என்றாள். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய பீடித் தொழிலாளர் அட்டையை எடுத்துவந்தாள்.

“அப்போ இத வச்சிருக்கவா, தூரப் போடவால?”

இருக்கட்டும் என்றேன்.