மழலைக்கு மறுமொழி

கேள்வி: ஒன்பது மாதமான எங்கள் மகளை இரண்டு மாதங்களாகக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்கிறேன். அவளைக் கவனித்துக்கொள்பவர் வேறு மொழி பேசுபவர். மாலையில் நான் அழைத்துவரச் சென்றால், அவருடைய தோளை விட்டு வர மறுத்து அழுகிறாள். என்னிடம் உள்ள ஒட்டுதல் குறைந்துவிடுமா? இரு மொழிகளுக்கிடையே பேச்சு தடைப்படுமா?
- ஒரு தாய்

பதில்: உங்கள் மகள் அந்தத் தோளைப் பற்றிக்கொள்கிறாள் என்றால், நீங்கள் அருகில் இல்லாத நேரத்திலும் அவள் ஆறுதலின்றித் தவிக்கவில்லை என்று பொருள். கைக்குழந்தையின் பற்று ஒருவரிடம் கூடினால் மற்றவரிடம் குறைந்துவிடும் தன்மையுடையது அன்று. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாயுடனான பிணைப்பைத் தளர்த்துவதில்லை என்று கண்டது. குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் இயல்பு வீட்டிலும் இல்லாமல், காப்பகத்திலும் இல்லாமல் போகும்போதுதான் பாதிப்பு கூடியது. மாலை நேர அழுகைக்குக் களைப்பும், கைமாறும் நொடியின் தடுமாற்றமும் காரணமாகலாம். அவளை உடனே வாங்கிக்கொள்ளாமல், பத்து நிமிடம் அவர்கள் இருவரோடும் அமர்ந்திருந்து பாருங்கள்.

மொழியைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு விடை சொல்ல ஓர் ஆய்வு உதவும். பேட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஆங்கிலம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோரைப் பன்னிரண்டு அமர்வுகள் விளையாட வைத்து, அதன் முடிவுகளை 2003இல் வெளியிட்டனர். நேரில் பழகிய குழந்தைகள் அம்மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளும் ஒலிப்பதிவில் மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்கவில்லை. கண்ணைப் பார்த்து, அதன் 'ங்கா'வுக்கு மறுமொழி சொல்லும் ஒரு மனிதர் வழியாகவே சொல் குழந்தைக்குள் இறங்குகிறது என்பதால், பிணைப்பையும் மொழியையும் தனித்தனியாக வைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். இரு மொழிகளைக் கேட்பது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலோ, மழலை ஒலிகளே எழுப்பாமலோ இருந்தால் மட்டும், மொழியின் மீது பழி போடாமல் மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள்.

காப்பகத்தில் நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. அதே பெண் தொடர்ந்து இருப்பாரா? ஒரே நேரத்தில் எத்தனை கைக்குழந்தைகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன? துணி மாற்றும்போதும் உணவூட்டும்போதும் குழந்தையோடு பேசுகிறாரா, அல்லது வேலையை மட்டும் முடித்துவிட்டு நகர்கிறாரா? பராமரிப்பவர் அடிக்கடி மாறுவதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. பழகிய முகம் மறைந்தால், அந்த வயதுக் குழந்தையிடம் அதற்கான காரணத்தை யாராலும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் தம் சொந்த மொழியிலேயே பேசட்டும். உரிமையோடு கொஞ்சவும் ஆற்றவும் அதுவே அவருக்கு இயல்பாக வரும். உறங்க வைக்கும்போது அவர் சொல்லும் சொல் எதுவென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் சொல்லையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.