"செலவு கம்மியானத பண்ணுங்க"ன்னு அப்பா சொல்றார்

வாசகர் கேள்வி, அண்ணன் பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். பர்மாவுல மோல்மேன்ல இருந்து எழுதுறேன். எங்கப்பாவுக்கு 61 வயசு, நாப்பது வருஷமா குன்யா, அதான் வெத்திலை பாக்கு, போடுறவர், புகையிலை சேத்துத்தான். கீழ் ஈறுல ஆறாத புண்ணுன்னு காட்டப் போனோம், பயாப்ஸில கேன்சர்னு வந்துருச்சு. ஸ்கேன்ல தாடை எலும்புக்குள்ளயும் போயிருக்காம். சென்னையில பண்ணலாம்னு ரிப்போர்ட் எல்லாம் அனுப்பினோம். இடது கடவாய்ப் பல்லுல இருந்து மோவாய் தாண்டி எலும்ப எடுக்கணும், அந்த இடத்துல கால் எலும்ப வச்சு புதுத் தாடை பண்ணலாம், இல்லேன்னா பிளேட்டு போட்டு நெஞ்சுச் சதைய கொண்டுவந்து மூடலாம், யோசிச்சு சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். சித்தப்பா "இந்த வயசுல மூஞ்சிக்கு அழகு எதுக்கு, நல்லா இருக்குற காலயும் வெட்டணுமா"ங்கிறார். அம்மா அழுறாங்க. அப்பா "செலவு கம்மியானத பண்ணுங்க"ன்னு சொன்னதோட சரி, அப்புறம் வாயே தொறக்கல. சுகர் கொஞ்சம் இருக்கு. நீங்க இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர்னு முன்னாடி எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன். பண்ணலாமா வேண்டாமா?

பதில்: தங்கச்சி, உன் லெட்டர்ல நான் ரெண்டு தடவ படிச்ச வரி அப்பா சொன்னதுதான். ஏன்னா ஏழு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே வார்த்தைய வார்த்தை மாறாம சொன்னேன், அதுக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்ல. மயக்கத்துல இருந்து எழுந்திரிக்க மாட்டேனோன்னு பயம், எழுந்தா காலும் போயி வாயும் போயி பொண்டாட்டிக்கு பாரமா கெடப்பேனோன்னு அத விடப் பெரிய பயம், அத வாய்விட்டு சொல்ல வெக்கம், அதனால செலவு மேல பழியப் போட்டேன். உங்கப்பாவுக்கும் அதுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா கேட்டுப் பாரு. சித்தப்பா அம்மா எல்லாரையும் கூட்டி வச்சுக் கேக்காத, டீக்கடைக்கு தனியா கூட்டிட்டுப் போய் கேளு.

அடுத்தது சித்தப்பா சொன்ன அழகு. இந்த ஆபரேஷனுக்கு அழகுன்னு பேரு வச்சதாலதான் பாதிப் பேரு தப்பா முடிவெடுக்குறாங்க. தாடை எலும்பு லாடம் மாதிரி வளைஞ்சு இருக்கும், நாக்கோட வேரு, கீழ் உதடு எல்லாம் முன்பக்கத்து வளைவுல இருந்துதான் தொங்குது. அந்த முன் வளைவ எடுத்துட்டு எலும்பு வைக்காம விட்டா மோவாய் உள்ள போயிரும், உதடு மூடாது, எச்சி நிக்காம வழியும், நாக்கு பின்னாடி சரிஞ்சு மூச்சுக்கே தொந்தரவு குடுக்கும். பக்கவாட்டுல மட்டும் எடுத்தா அவ்ளோ மோசம் இல்ல, மிச்சம் இருக்குற தாடை வெட்டின பக்கமா இழுத்துக்கும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது, ஆனா சமாளிக்கலாம். காது பக்கத்துல பின் பகுதி மட்டும் போனா, வயசானவங்களுக்கு எலும்பே வைக்காம சதைய மட்டும் வச்சு மூடுற டாக்டர்கள் நெறைய பேர் இருக்காங்க, அது தப்பும் இல்ல. அதனால "எலும்பு வேணுமா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "எங்கேருந்து எங்க வரைக்கும், எத்தன சென்டிமீட்டர்"னு கேட்டு ஒரு பேப்பர்ல வரைஞ்சு வாங்கிக்கோ. நீ எழுதினது மோவாய தாண்டின்னு இருக்கு. அது முன் வளைவு. அப்படின்னா என் ஓட்டு எலும்புக்குத்தான், நான் டாக்டர் இல்ல, அனுபவிச்சவன், அத மனசுல வச்சுக்க.

பிளேட்டு பத்தியும் சொல்லிடுறேன். டைட்டானியம் பிளேட்டும் நெஞ்சுச் சதையும் போட்டா ஆபரேஷன் நேரம் ரொம்ப கம்மி, ஹார்ட்டு வீக்கா இருக்குறவங்களுக்கு, நீண்ட மயக்கம் தாங்காதவங்களுக்கு அதுதான் நல்லது, அவங்கள யாரும் கொறையா நெனைக்க வேணாம். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கும்போது தோல் மெலிஞ்சு போகும், அப்போ பிளேட்டு தோலக் கிழிச்சு வெளிய தெரியும், இல்ல ஸ்க்ரூ லூசாகும், சில சமயம் பிளேட்டே உடையும், முன்பக்கம் போட்ட பிளேட்டுக்கு இந்த ஆபத்து ஜாஸ்தி. என் பக்கத்து பெட்டுல இருந்தவர் அப்படித்தான் ரெண்டாவது தடவ வந்திருந்தார். "முதல்லயே எலும்பு வச்சிருந்தா இன்னொரு தரம் வந்திருக்க மாட்டேன் தம்பி"ன்னார். நான் அன்னைக்கு ராத்திரிதான் சரின்னு தலையாட்டினேன், அதுவரைக்கும் வேணாம்னுதான் இருந்தேன்.

இப்போ காலு. சித்தப்பாவோட பயம் நியாயமானதுதான். முழங்காலுக்கு கீழ ரெண்டு எலும்பு இருக்கு, ஒடம்பு வெயிட்ட பெரும்பாலும் தாங்குறது உள்பக்கம் இருக்குற பெருசு. இவங்க எடுக்குறது வெளிப்பக்கம் குச்சி மாதிரி இருக்குற சின்னது, அதையும் முழுசா எடுக்க மாட்டாங்க, கணுக்கால் பக்கத்துலயும் முழங்கால் பக்கத்துலயும் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுடுவாங்க, கணு ஆடாம இருக்கணுமே அதுக்கு. நடுத்துண்ட அதோட ரத்தக் குழாயும் ஒரு துண்டு தோலும் சேத்து எடுத்து, ரெண்டு மூணு இடத்துல வெட்டி வளைச்சு தாடை ஷேப்புக்கு கொண்டுவந்து, கழுத்துல இருக்குற குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு தச்சுடுவாங்க. அந்தத் தோல்துண்டுதான் வாய்க்குள்ள மூடுறதுக்கு. 1989ல அமெரிக்காவுல ஒரு சர்ஜன் தாடைக்கு இத பண்ணிக் காட்டினாரு, இன்னைக்கு உலகம் பூரா பெரிய தாடைக் குறைக்கு முதல் சாய்ஸ் இதுதான். தலைப் பக்கம் ஒரு டீம், கால் பக்கம் ஒரு டீம், ஒரே நேரத்துல வேலை பாப்பாங்க, அப்படியும் எட்டு பத்து மணி நேரம் ஆகும், சில பேருக்கு பன்னெண்டு கூட.

சுகர் இருக்குறதால ஒன்னு கட்டாயம் கேளு. காலுக்கு சிடி ஆஞ்சியோ, அதான் ரத்தக் குழாயப் பாக்குற ஸ்கேன், எடுப்பாங்களான்னு. பாதத்துக்கு மூணு குழாய் வழியா ரத்தம் போகுது, அதுல ஒன்ன இவங்க எடுத்துக்குறாங்க, மத்த ரெண்டும் ஒழுங்கா ஓடுதான்னு பாக்காம கைவைக்கக் கூடாது. சுகர், சிகரெட் உள்ளவங்களுக்கு குழாய் அடைச்சிருக்கலாம், அப்படி இருந்தா தோள்பட்டை எலும்பு இல்ல இடுப்பு எலும்பு எடுக்கலாம், வழி அடைஞ்சு போகாது. இன்னைக்கே குன்யாவ நிறுத்தச் சொல்லு, சிகரெட் இருந்தா அதையும். தச்ச குழாய் அடைச்சா எல்லாம் வீண்.

அப்புறம் நடக்க முடியுமான்னு உங்களுக்கு பயம் இருக்கும், நேரா சொல்றேன். அஞ்சாவது நாள் பிசியோ பொண்ணு வந்து வாக்கர புடிச்சு நிக்க வச்சுது. ரெண்டு மாசத்துல ரங்கூன் அனவ்ரத்தா ரோட்டுல காளி கோயில் வரைக்கும் நடந்து போனேன். இன்னைக்கு வரைக்கும் நடையில பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா இடது கால் கட்டைவிரல் சரியா மடங்காது, அதனால ஸ்லிப்பர் கழண்டு கழண்டு விழும், கோயில்ல இருந்து வெளிய வர்றப்ப என் செருப்பு எப்பவும் நாலு அடி பின்னாடி கிடக்கும். குளிர்காலத்துல கணுக்கால் இறுகும். கெண்டைக்கால்ல தொடைத் தோல ஒட்டின இடத்துல ஒரு பெரிய தழும்பு இருக்கு, லுங்கி கட்டுறவனுக்கு அது ஒரு விஷயமா.

ஆபரேஷன் முடிஞ்ச முதல் ராத்திரிகளப் பத்தி யாரும் சொல்லித்தர மாட்டாங்க, அதனால எழுதுறேன். கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வச்சிருப்பாங்க, கொஞ்ச நாளைக்குத்தான், ஆனா அதுவரைக்கும் பேச்சு வராது. மூக்கு வழியா இன்னொரு ட்யூப், சாப்பாடு அதுலதான், எனக்கு பன்னெண்டு நாள். ஐசியூல மணிக்கு ஒரு தடவ நர்ஸ் வந்து டார்ச் அடிச்சு வாய்க்குள்ள அந்தத் தோலோட கலரப் பாக்கும், ஒரு சின்ன மெஷின வச்சா "ஷ்ஷ் ஷ்ஷ்"னு ரத்தம் ஓடுற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா தூக்கம் வரும், அது நின்னா உடனே திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்கு. நூத்துக்கு அஞ்சு பேருக்கு கிட்டத்தட்ட அந்தத் துண்டு பிடிக்காமப் போகும், அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கையெழுத்து போடணும். பேச முடியாதப்ப எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வாங்கிட்டுப் போங்க. நம்ம பிள்ளைங்க பர்மா ஸ்கூல்ல படிச்சவங்க, தமிழ் எழுத்து கோயில் வகுப்புல வந்ததுதான், நானும் அப்படித்தான். வலிக்குதுன்னு சொல்ல "வழி"ன்னு எழுதிக் காட்டினேன், அந்த நர்ஸ் பொண்ணு கதவக் காட்டி "எங்க போகப் போறீங்க சார்"னுச்சு. சிரிக்கக்கூட முடியல. அப்பாவுக்கு முன்கூட்டியே "வலி, தண்ணி, சளி, மூச்சு"ன்னு நாலு வார்த்தைய அட்டையில எழுதிக் குடுத்துரு, விரல வச்சுக் காட்டுனா போதும்.

அப்புறம் கரண்ட். ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்பாங்க, வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம் போகும். அதனால விசா, தங்குற இடம் எல்லாம் ஆபரேஷனுக்கு மட்டும் கணக்கு போடாத, கரண்டும் அங்கயே வைக்கணும்னா மூணு மாசத்துக்கு மேல ஆகும். மெடிக்கல் விசாவுல கூட வர்ற ரெண்டு பேருக்கு அட்டெண்டன்ட் விசா கிடைக்கும், அம்மாவையும் உன்னையும் போட்டுக்க, சித்தப்பாவ வீட்டப் பாக்கச் சொல்லு. கரண்டுக்கு முன்னாடியே கெட்ட பல்லு எல்லாத்தையும் எடுத்துடணும், இத நீயே கேட்டு எழுதி வாங்கு. கரண்ட் வச்ச தாடையில பின்னாடி பல்லு பிடுங்கினா எலும்பு ஆறாம செத்துப் போற ஆபத்து இருக்கு.

புது எலும்புல பின்னாடி ஸ்க்ரூ பல்லு வைக்க முடியும், பல மாசம் கழிச்சு, செலவும் தனி. நான் வைக்கல. வலது பக்கமாவே மென்னு பழகிட்டேன். வீட்டுக்கு வந்தப்ப எல்லாத்தையும் மிக்சியில அடிச்சுதான், வீட்டுல பவர் போனா அதுவும் கிடையாது, அதனால பழைய அம்மிய வெளிய எடுத்தோம். மொய்ங்காவ, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ, வடிகட்டிக் குடிச்சேன், அப்புறம் ஒருநாள் அந்த நூடுல்ஸ குட்டையா வெட்டிக் குடுத்தாங்க, நாக்கால நசுக்கியே முழுங்கிட்டேன், அன்னைக்கு வீட்டுல எல்லாரும் சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு கோவம்தான் வந்துச்சு.

கீழ் உதடு இன்னமும் மரத்துத்தான் இருக்கு, அந்த நரம்பு எலும்போட போயிருச்சு. சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தா தெரியாது. பந்தியில என் சம்சாரம் தன் மோவாய தொட்டுக் காட்டும், நான் துடைச்சுக்குவேன். கழுத்துல கட்டி எடுத்ததால இடது தோள் கொஞ்சம் தொங்கும். இதெல்லாம் சேத்துத்தான் சொல்றேன், எலும்பு வச்சா எல்லாம் பழையபடி ஆகிரும்னு யாராச்சும் சொன்னா நம்பாத.

கடைசியா, கேன்சர எடுக்குறதையும் தாடை வைக்குறதையும் ஒரே மேசையில ஒரே நாள்ல பண்றதுதான் நல்லது, "முதல்ல கட்டிய எடுப்போம், தாடைய அப்புறம் பாக்கலாம்"னு தள்ளிப்போட்டா கரண்ட் வச்ச கழுத்துல குழாய தேடி தைக்கிறது கஷ்டம். அதனால இப்பவே முடிவு பண்ணணும், ஆனா முடிவு பண்ண வேண்டியது அப்பா. டீக்கடையில அவர்கிட்ட என் ஸ்லிப்பர் கதைய சொல்லு.

கேள்வி: என் வீட்டுக்காரர் புகையிலை போட மாட்டார், வெத்திலை பாக்கு சுண்ணாம்பு மட்டும்தான். அதுக்கும் கேன்சர் வருமா? (தட்டோன்)

பதில்: வரும்மா. கொட்டைப்பாக்கே கேன்சர் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு. புகையிலை சேத்தா ஆபத்து இன்னும் அதிகம், சேக்காட்டி ஆபத்து இல்லன்னு அர்த்தம் இல்ல. கன்னத்துக்குள்ள வெள்ளையா, செவப்பா படை இருக்கா, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு இருக்கான்னு வெளிச்சத்துல பாரு. இருந்தா பல் டாக்டர்கிட்டயாவது உடனே காட்டு.

கேள்வி: எனக்கு 34 வயசு, பாக்கு போடுற பழக்கம் உண்டு, வாய் முன்ன மாதிரி அகலமா தொறக்க மாட்டேங்குது, காரம் பட்டா எரியுது. ஐஸ்கிரீம் குச்சி அடுக்கி வச்சு தொறந்தா சரியாகுமா? (பெகு)

பதில்: முதல்ல உன் மூணு விரல நட்டுக்குத்தா அடுக்கி பல்லுக்கு நடுவுல விட்டுப் பாரு தம்பி. ரெண்டுதான் போகுதுன்னா பாக்கால கன்னம் உள்ள நார் மாதிரி இறுகியிருக்கலாம், காரம் எரியிறதும் அதோட அடையாளம். இதுல கேன்சர் வர்ற வாய்ப்பு இருக்கு, அதனால குச்சி அப்புறம், டாக்டர் முதல்ல. குச்சிப் பயிற்சி நல்லதுதான், கரண்ட் வச்சதுக்கு அப்புறம் எனக்கும் அதத்தான் குடுத்தாங்க, ஒரு வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டுவேன், பதினாலு குச்சிக்கு மேல இன்னும் போகல. ஆனா பாக்க வாயில வச்சுக்கிட்டே குச்சிய அடுக்குனா உனக்கு குச்சிக் காசுதான் நஷ்டம்.