வாசகர் கேள்வி: காஷித்தோடு திரும்பிவிடாதீர்கள்

கேள்வி: டிசம்பர் லீவில் குடும்பத்தோடு காரில் கடலோரமாகப் போக ஆசை. வெள்ளை மணல் என்றாலே எல்லோரும் காஷித் என்கிறார்கள். அதோடு திரும்பிவிடலாமா? இன்னும் தள்ளிப் போவதென்றால் கோவா ஹைவேயைப் பிடிப்பதா?
— வாசகர், டோம்பிவிலி

பதில்: காஷித் போங்கள், ஆனால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். மும்பையிலிருந்து சுமார் 130 கி.மீ.தான் என்பதால் சனி, ஞாயிறில் கூட்டம் அலைமோதும். கோவா ஹைவே வேண்டவே வேண்டாம். அது மலைப்பக்கமாக உள்ளே ஓடுகிறது. அதில் போனால் கடலைப் பார்க்கவே முடியாது.

நாங்கள் செம்பூரிலிருந்து குளிர்காலத்தில் போகிற வழியைச் சொல்கிறேன். அடல் சேது கடல் பாலம் ஏறி, பேண், அலிபாக், ரேவ்தண்டா, காஷித், முருட். அதைத் தாண்டி அகர்தாண்டாவில் ரோடு தண்ணீரில் போய் முடிந்துவிடும். எதிரே தெரிவது திகி. நடுவில் இருக்கிற காடியை, அதாவது கடல் நிலத்துக்குள் நுழைந்த கழியை, காரோடு படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். படகுக்காரப் பையன்கள் கையைக் காட்டிக் காட்டி வண்டியை ஏற்றுவார்கள். சில நேரம் ரிவர்ஸில் வரச் சொல்வார்கள். பக்கத்து வண்டிக்கும் உங்கள் கண்ணாடிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி இருக்கும். பதறாமல் அவர்கள் சொல்கிறபடி ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், நம்மைவிட அவர்களுக்குக் கணக்குத் தெரியும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இறங்கி நின்று வேடிக்கை பாருங்கள்.

திகியில் இறங்கினால் திவேஆகர். அங்கிருந்து ஸ்ரீவர்தன் போக உள்வழியும் உண்டு. நீங்கள் ஷேகாடி வழியாகவே போங்கள். இந்தப் பயணத்தில் என் மனசு முழுக்க இருப்பது இந்தத் துண்டு ரோடுதான். இடது பக்கம் குன்று, வலது பக்கம் கடல், நடுவில் வளைந்து வளைந்து போகிற ஒல்லியான ரோடு. தெற்கே போகும்போது கடல் ஓட்டுகிறவர் பக்கம் வரும், அவரோ வளைவைப் பார்த்தே ஆகவேண்டும். அதனால் ஓட்டுகிறவருக்காகவே இடம் பார்த்து ஓரம் கட்டி நிறுத்துங்கள். திரும்பி வருகையில் இடது சீட்டுக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை.

ஸ்ரீவர்தனில் பாக்குத் தோப்புகளைப் பார்க்காமல் வராதீர்கள். 2020 ஜூன் 3-ல் நிசர்கா புயல் அடித்தபோது தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. பாக்குக் கன்று காய்க்க வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ரோட்டா பாக்கு அந்த ஊரின் பெருமை. பூஜைக்கு வேண்டிய பாக்கை அங்கேயே வாங்குங்கள், உழைத்தவர் கைக்குப் பணம் போய்ச் சேரும்.

அப்புறம் ஹரிஹரேஷ்வர் பார்த்துவிட்டு பாக்மண்டலாவில் படகு ஏறி, வேஷ்வியில் இறங்கினால் ரத்னகிரி மாவட்டம். தாபோலில் ஒரு படகு, தவசாலில் ஒரு படகு, பிறகு கணபதிபுலே. அங்கிருந்து ரத்னகிரிக்கு ஆரே-வாரே வழி. மேட்டிலிருந்து இரண்டு கடற்கரைகளும் சேர்ந்து தெரியும். இதற்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். இரவில் எல்லாப் படகும் ஓடும் என்று நம்ப முடியாது, அதனால் சாயங்காலத்துக்குள் கடந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள்.

ரேவஸ்–ரெட்டி கடலோரச் சாலைத் திட்டத்தில் இந்தக் காடிகளின் மேல் பாலங்கள் வரப்போகின்றன. நடுராத்திரி பிரசவ வலியோடு எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பெண்ணுக்குப் பாலம் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. உங்கள் பிள்ளைகள் படகில் கடக்கிற அனுபவத்தை இப்போதே பார்த்துவிடட்டும் என்றுதான் காஷித்தோடு திரும்பாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: போட்டோவில் பார்க்கிற அந்த வெள்ளை மணல் நிஜந்தானா?
— வாசகி, சயான் கோலிவாடா

பதில்: காஷித் மணல் பால் வெள்ளை இல்லை, வெளிர் சந்தன நிறம். உச்சி வெயிலில் கண் கூசும்போது வெள்ளையாகத் தெரியும். கரையோரக் குன்றெல்லாம் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல். ஆனால் மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பொடிப்பொடியான சிப்பித் துண்டுகள் மினுங்கும். நல்ல வெள்ளைதான் வேண்டும் என்றால் மால்வண் பக்கத்தில் தார்கர்லி. சுமார் 500 கி.மீ. போகவேண்டும், ஆனால் கர்லி ஆறு கடலில் சேருகிற அந்த இடம் அத்தனை தூரத்துக்கும் தகும்.

கேள்வி: காலேஜ் படிக்கும் என் மகன் நண்பர்களோடு போகிறான். மணலில் கார் ஓட்டி ரீல்ஸ் எடுக்கப் போகிறானாம். என்ன சொல்லி அனுப்ப?
— வாசகி, முலுண்ட்

பதில்: இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள் அம்மா. மணலில் காரை இறக்கக் கூடாது. ஈர மணல் கெட்டியாகத் தெரியும். சக்கரம் புதைந்து சுற்ற ஆரம்பித்தால் வண்டி உட்கார்ந்துவிடும், அதற்குள் அலை ஏறிவிடும். மணலுக்கு அடியில் நண்டு வளை இருக்கும், சில கரைகளில் ஆமை முட்டையும் இருக்கும்.

இரண்டாவது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. 2016 பிப்ரவரி 1 அன்று முருட் கடற்கரையில் புனேயிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் 14 பேர் கடலோடு போய்விட்டார்கள். இதே வயசுப் பிள்ளைகள். இதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் இறங்காதே என்றால் இறங்கக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. சுத்த சைவம். அந்தப் பக்கம் மீன் வாசனை இல்லாமல் சாப்பாடு கிடைக்குமா? ஆமைக் குஞ்சும் பார்க்க வேண்டுமாம்.
— வாசகி, மாட்டுங்கா

பதில்: தாராளமாகக் கிடைக்கும். திவேஆகர், ஸ்ரீவர்தன், குஹாகரில் வீட்டுச் சாப்பாடு போடுகிற சைவக் குடும்பங்கள் இருக்கின்றன. காலையிலேயே போன் செய்து எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். ஆளைக் கணக்குப் பண்ணித்தான் சமைப்பார்கள். சோல்கடி கொஞ்சமாவது குடிக்கச் சொல்லுங்கள், கோகமும் தேங்காய்ப்பாலும்தான். உகடீச்சே மோதக் கேட்டு வாங்குங்கள். நம் பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்தவர், ஒன்றோடு நிறுத்தமாட்டார்.

ஆமைக்கு டிசம்பர் சரிப்படாது. பாணகோட்டை அடுத்த வேளாஸ் கிராமத்தில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. தங்குவதும் ஊர்க்காரர் வீட்டில்தான். கிளம்பும் முன் குஞ்சு பொரிந்துகொண்டிருக்கிறதா என்று அவர்களிடமே போனில் கேளுங்கள். மாமியார் உட்கார ஒரு மடக்கு நாற்காலியை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.