சிகிச்சை முடிந்தபின் வந்த தனிமைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு படகு

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் யாரோடும் ஒட்ட முடியவில்லை, ஆதரவுக் குழுவில் வட்டமாக இருந்து கதைக்கவும் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். முடிந்தால் ஏதாவது ஒரு அணியில் சேருங்கள். நான் சேர்ந்தது, மார்பகப் புற்றுநோய் வந்துபோன பெண்களின் டிராகன் படகு அணியில். பலர் சேர்ந்து துடுப்பு வலிக்கும் நீளமான படகு அது.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இடது பக்கம் அறுவை, அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ, ரேடியேஷன். கடைசி நாள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவர்களுக்கு அதோடு முடிந்துவிட்டது. எனக்கு மறுநாள் எங்கே போவதென்றே தெரியவில்லை. கோவிலில் காணும் சனம் "இப்ப சுகமோ?" என்று கேட்டுவிட்டு, என் நெஞ்சைப் பார்க்காமலிருக்கப் படாத பாடு படும். அதற்காகவே கோவிலுக்குப் போவதைக் குறைத்தேன். வீட்டிலோ அரிசிப் பையில் கை வைத்தாலே யாராவது ஓடிவந்து பறிப்பார்கள், கை வீங்கிவிடும் என்று.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள்: கணுக்களை எடுத்த கையால் பாரம் தூக்கினால் நிணநீர் தேங்கி வீங்கும் என்று. வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டொன் மக்கென்சி 1996இல் அதைச் சோதித்துப் பார்த்தார். சிகிச்சை முடித்த 24 பெண்களை முதலில் ஜிம்மில் பழக்கி, பிறகு டிராகன் படகில் ஏற்றினார். துடுப்பு வலிப்பது தோளுக்கும் கைக்கும் கடும் வேலை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்கள் கலைந்து போகவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயம். இன்று பல நாடுகளில் இப்படி அணிகள் இருக்கின்றன.

முதல் நாள் ஒரு வயதான அம்மா துடுப்போடு வந்து "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "இடது, முழுதாக எடுத்தாயிற்று" என்றேன். அவர் கேட்டது படகில் எந்தப் பக்கம் இருந்து துடுப்பு வலிக்க விருப்பம் என்று. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இரண்டு பக்கமும்" என்றார். அவ்வளவுதான். பிறகு லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இழுத்துக் கட்டிவிட்டார்.

படகில் பலகைக்கு இரண்டு பேராக 20 பேர். முன்னால் மேளம், பின்னால் சுக்கான். யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை; எதிரே தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும். அவர் துடுப்பு தண்ணீரைத் தொடும்போது உங்களுடையதும் தொடவேண்டும். அரை நொடி பிந்தினால் துடுப்புகள் முட்டி, படகே தடுமாறும். ஒரு வருஷமாக எல்லோரும் என்னைத் தாங்கினார்கள். அந்தப் பலகையில்தான் நான் வராவிட்டால் ஒரு துடுப்புக் குறையும் என்ற நிலை திரும்ப வந்தது. கதையெல்லாம் கரைக்கு வந்து, பிளாஸ்கில் தேநீர் ஊற்றும்போது தானாக வரும். கதை வராவிட்டால் யாரும் துருவிக் கேட்பதில்லை.

இதையும் மறைக்கக்கூடாது: இப்படி அணியில் இருந்தால் இழப்பும் வரும். எங்கள் போட்டிகளின் முடிவில் படகுகளை அருகருகே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போனவர்களுக்காக இளஞ்சிவப்புப் பூக்களைத் தண்ணீரில் போடுவோம். போன வருஷம் நான் போட்ட பூ என்னோடு ஒரே பலகையில் இருந்தவளுக்கு. அன்றைக்கு 20 பேரும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதோம். வீட்டில் ஒருநாளும் நான் அப்படி அழுததில்லை.

சேருவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கை ஏற்கனவே வீங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எனக்கு நீந்தத் தெரியாது, அது தடையாக இருக்கவில்லை. உங்கள் ஊரில் படகு இல்லையென்றால் த்ரோபால் ஆனாலும் சரி, நீங்கள் வராத நாளில் "ஏன் வரவில்லை?" என்று போன் பண்ணும் அணியாகப் பாருங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள். சனிக்கிழமை காலை மட்டும் பதில் பிந்தும், தண்ணீரில் இருப்பேன்.